ஸ்டாக் இல்லீங்க சார்

ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் செய்ய வந்திருக்கிறீர்கள். வந்த புதிதில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு இருக்கும். நோயாளியின் விவரத்தைச் சரியாக வாங்கி, சரியான இடத்தில் வைத்து, கேட்டபோது எடுத்துக் கொடுத்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்று. எனக்கும் அப்படித்தான் இருந்தது. இந்தப் பக்கம் வருவதற்கு முன்னால் நான் நூல் மில்லுக்கும் மோட்டார் பம்பு கம்பெனிக்கும் சரக்குக் கணக்குக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவள். அங்கே ஸ்டோர் கீப்பர் ஒரு சாமான் இல்லை என்று போட்டால் இல்லை என்றுதான் அர்த்தம். அவர் பொய்யே சொன்னாலும் அது திருட்டுக்கான பொய். வருஷக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது மாட்டிக்கொள்ளும். வேறு வகைப் பொய்களும் உண்டு என்பதை ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். நான் இப்போது ரிடையர் ஆகி வீட்டில் இருக்கிறேன், சொல்வதற்கு நேரம் இருக்கிறது. கேட்பதற்கு உங்களுக்கு இருக்கிறதா என்பது உங்கள் மேனேஜரைப் பொறுத்தது.

கோயம்புத்தூரில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். காந்திபுரத்தில் இறங்கி இன்னொரு டவுன் பஸ் பிடித்தால் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். அன்னூர் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் நிறைய வருகிற இடம். காகிதத்தில் இருந்த நோயாளிப் பதிவுகளையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றும் பொறுப்பு எங்கள் கம்பெனிக்கு வந்தது; அதில் நான்தான் பொறுப்பாளர்.

நாங்கள் செய்து கொடுத்த முறை எளிமையானது. டாக்டர் தன் அறையிலோ ரவுண்ட்ஸிலோ மருந்தை டேப்லெட்டில் எழுதுவார். வார்டு நர்ஸின் திரையில் அது வந்து நிற்கும். நர்ஸ் மருந்தைக் கொடுத்துவிட்டு 'கொடுத்தாயிற்று' என்று அமுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும். நோயாளி மறுத்துவிட்டார், வாந்தி எடுக்கிறார், ஸ்டாக் இல்லை என்று சில காரணங்கள் வரிசையாக இருக்கும். கடைசியில் சிவப்பாக ஒரு பொத்தான்: 'ஆட்சேபம்'. டாக்டர் எழுதிய மருந்திலோ அளவிலோ நர்ஸுக்குச் சந்தேகம் இருந்தால் அதை அமுக்கிக் காரணத்தை எழுத வேண்டும். உடனே டாக்டரின் போனுக்குத் தகவல் போகும். தலைமை மருத்துவருக்கும் ஒரு நகல் போகும். ஆஸ்பத்திரியின் தரக் கமிட்டி வற்புறுத்தி வாங்கிய பொத்தான் அது. அதைத் திறந்து காட்டிய அன்றைக்கு எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் சர்ஜன். வாயைத் திறந்தால் வார்டே நடுங்கும். டிரேயைத் தூக்கி வீசினார் என்பார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்பினேன். இன்னொருவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள்; தலைமை மருத்துவர் வேறு, இவர் வயதில் மூத்தவர் என்பதால் அந்தப் பேர். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று பொது மருத்துவம் பார்ப்பவர். யார் உள்ளே வந்தாலும் நாற்காலியிலிருந்து பாதியாவது எழுந்துவிட்டுத்தான் பேசுவார். பெருக்குகிற அம்மாவையும் 'வாங்க போங்க' என்றுதான் சொல்வார். நர்ஸுகள் எல்லோரும் அவருக்கு 'கண்ணு'. அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. இந்த இருவரில் யாருடைய உத்தரவுக்கு அந்தச் சிவப்புப் பொத்தான் அமுக்கப்படும் என்று நினைக்கிறீர்கள்? கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

அன்னூரிலிருந்து ஒரு அம்மா காலில் சர்க்கரைப் புண்ணோடு வந்து படுத்திருந்தார். மறுநாள் காலையில் புண்ணைச் சுத்தம் செய்ய ஆபரேஷன். சாயங்காலம் போட வேண்டிய இன்சுலினைப் பெரிய டாக்டர் எழுதிவிட்டு, பொள்ளாச்சியில் சொந்தக்காரர் கல்யாணம் என்று கிளம்பிவிட்டார். அந்த இன்சுலின் இரவெல்லாம் மெதுவாக வேலை செய்கிற வகை. வார்டில் இருந்தவள் சரண்யா என்ற நர்ஸ். மதுக்கரையில் இருந்து வருகிற பெண். அப்பா சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். சுறுசுறுப்பானவள் என்று பேர் எடுத்தவள்.

ராத்திரிச் சாப்பாடு வந்தபோது அந்த அம்மா தட்டைத் தொடாமல் திருப்பிவிட்டார். கேட்டதற்கு, "இன்னைக்குச் சஷ்டிங்க அம்மணி, ஒருசந்தி இருக்கேனுங்க. மத்தியானமே சாப்பிட்டாச்சு. கால் நல்லாகோணும்னு மருதமலையானுக்கு வேண்டிக்கிட்டது," என்றார். ஒருசந்தி என்றால் அன்றைக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான்.

சரண்யாவுக்குத் திக்கென்று இருந்தது. சாப்பிடாதவருக்கு இந்த அளவு இன்சுலின் போட்டால் சர்க்கரை இறங்கிவிடாதா? நியாயமான சந்தேகம். டியூட்டி டாக்டரிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டாள். அவர் படிப்பு முடித்து வந்த புதிது. "சாரே எழுதியிருக்காருங்களே, போட்டுருங்க சிஸ்டர்," என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். சரண்யா ஊசியைப் போடவில்லை. திரையில் 'ஸ்டாக் இல்லை' என்று அமுக்கிவிட்டாள். இன்சுலின் அவள் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற பிரிட்ஜில் இருந்தது.

காலையில் அந்த அம்மாவின் சர்க்கரை எகிறிக் கிடந்தது. மயக்க மருந்து டாக்டர் முடியாது என்று சொல்லிவிட்டார். ஆபரேஷன் தள்ளிப்போனது. காடு தோட்டத்தைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்த மகன் வராந்தாவில் நின்று சத்தம் போட்டார். பெரிய டாக்டர் வந்து திரையைப் பார்த்தார். ஸ்டாக் இல்லை. அவர் யாரையும் திட்டவில்லை. ஏழைபாழைகள் நம்பி வருகிற இடத்தில் இன்சுலின் தீர்ந்துபோவது நியாயமா என்று வருத்தப்பட்டு நிர்வாகிக்கு எழுதினார். நிர்வாகி மருந்துக் கடையைக் கேட்டார். மருந்துக் கடைக்காரர் கையோடு கூட்டிப்போய் வார்டு பிரிட்ஜைத் திறந்து காட்டினார்.

அதற்கப்புறம் விஷயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. நர்ஸ் பதிவில் பொய் எழுதியிருக்கிறாள். பெரிய டாக்டரே கடுமையான நடவடிக்கை கேட்டுவிட்டார். வேலையை விட்டு நீக்கி, அனுபவச் சான்றிதழில் 'நோயாளிப் பதிவைப் பொய்யாக எழுதியவர்' என்று ஒரு வரி போடுவதாக முடிவானது. அந்த ஒரு வரி போதும். அதோடு எந்த ஊரிலும் எந்த ஆஸ்பத்திரியும் ஒரு நர்ஸை உள்ளே விடாது.

நிர்வாகி எனக்குப் போன் செய்தார். "மேடம், ஒரு சின்ன உதவிங்க. மத்தியானம் விசாரணை வெச்சிருக்கோம். அந்தப் பொண்ணு போட்ட என்ட்ரியை சிஸ்டத்துல இருந்து பிரிண்ட் எடுத்து, இது பொய்யின்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா மீதிய நாங்க பார்த்துக்குவோமுங்க." எங்கள் கம்பெனி முதலாளியும் கூப்பிட்டார். அவர் சிக்கனமான மனிதர், பேச்சிலும்தான். "இருக்கறதச் சொல்லிட்டு வந்துருங்க," என்று வைத்துவிட்டார். ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் அது. அவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காலையிலேயே போய்விட்டேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் நர்சிங் சூப்பிரண்டென்ட் எனக்காகக் காத்திருந்தார். நர்ஸுகளுக்கெல்லாம் தலைவி. ஐம்பது பேரை ஒற்றைப் பார்வையில் நிறுத்துகிறவர், அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க மேடம், சிஸ்டத்துல ஏதோ கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்கன்னா பொண்ணு தப்பிச்சுக்குமுங்க. வேற பட்டன அமுக்குனா வேற விழுந்துருச்சுன்னு சொல்லுங்க. கம்ப்யூட்டரை யாருங்க கோவிச்சுக்கப் போறாங்க?"

கம்ப்யூட்டரை யாரும் கோவித்துக்கொள்ள மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அமுக்கியது ஒன்று, விழுந்தது ஒன்று என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டால், அதன் பிறகு அந்தத் திரையில் வருகிற எதையும் எந்த டாக்டரும் நம்ப வேண்டியதில்லை. ஒவ்வாமை என்று காட்டினாலும் நம்ப வேண்டியதில்லை. 'பார்க்கிறேங்க' என்று சொல்லி நகர்ந்தேன். பார்க்கிறேங்க என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும்.

மருந்துக் கடைக்குப் போனேன். அதன் பொறுப்பாளர் உக்கடத்துக்காரர். எல்லோருக்கும் அவர் பாய். பல வருஷமாக அங்கேயே இருக்கிறார். முந்தின நாள் பிரிட்ஜைத் திறந்து காட்டியது அவர்தான். காட்டியதிலிருந்து மனுஷருக்கு மனசு சரியில்லை.

"என் கடையில இன்சுலின் இல்லைன்னு சொன்னா நான் விட்டுக்குடுக்க முடியுங்களா? அதான் தொறந்து காட்டிட்டேன். பொண்ணு வேலைக்கே உலை வெக்கும்னு தெரிஞ்சிருந்தா வாய மூடிட்டு இருந்திருப்பேன்," என்றார்.

"ஸ்டாக் இல்லைன்னு நர்ஸ் அமுக்கினா உங்களுக்குத் தகவல் வருமே பாய். அன்னைக்கே நீங்க பார்க்கலீங்களா?"

பாய் சிரித்தார். "வருமுங்க. தினமும்தான் வருது. அதுல ஒரு வேடிக்கை இருக்குதுங்க மேடம். பெரிய டாக்டர் எழுதற மருந்து மட்டும்தான் தீரும். சர்ஜன் எழுதறது எங்க கடையில தீரவே தீராது."

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். சர்ஜன் எழுதியதில் சந்தேகம் வந்தால் நர்ஸுகள் யோசிக்கவே மாட்டார்கள். சிவப்புப் பொத்தானை அமுக்கிவிடுவார்கள். அவரிடம் எப்படியும் திட்டு வாங்கத்தான் வேண்டும், காரணத்தோடு வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு. பெரிய டாக்டருக்கு யார் ஆட்சேபம் சொல்வார்கள்? அதனால் 'ஸ்டாக் இல்லை' என்று அமுக்கிவிட்டு, அடுத்த ரவுண்ட்ஸில் அவர் வரும்போது, "சார், அந்த மருந்து வரலீங்க, வேற ஏதாச்சும் மாத்திக் குடுக்கறீங்களாங்க?" என்று கேட்பார்கள். அவர் இன்னொரு முறை சீட்டைப் பார்ப்பார். தவறு இருந்தால் அவருக்கே கண்ணில் படும், மாற்றிவிடுவார். இல்லையென்றால் அதையே வரவழைத்துக் கொடுக்கச் சொல்வார். மருந்தும் உடனே 'வந்துவிடும்'. யாரும் யாரிடமும் 'இல்லை' என்று மறுத்துச் சொல்லவில்லை. மருந்துதான் இல்லை.

"எல்லாருக்கும் தெரியுமுங்க," என்றார் பாய். "சாருக்கும் உங்க கம்ப்யூட்டருக்கும்தான் தெரியாது."

அன்றைக்கு டாக்டர் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் அடுத்த ரவுண்ட்ஸ் மறுநாள் காலைக்குப் போய்விட்டது. தினமும் ஓடுகிற வண்டி அன்றைக்குக் கவிழ்ந்தது, அவ்வளவுதான்.

சரண்யாவைப் போய்ப் பார்த்தேன். நர்ஸுகள் உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"சாருக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"பந்தியில உக்காந்திருக்கறவரைக் கூப்பிட்டு, நீங்க எழுதுனது சரியாங்கன்னு எப்படிக் கேக்கறதுங்க மேடம்? காலையில சார் வந்தாருன்னா மருந்து வரலீங்கன்னு சொன்னா, அவரே ஒருக்காப் பார்த்துச் சொல்லிப்போடுவாருன்னுதான் நெனச்சேனுங்க."

"அந்தச் சிவப்புப் பட்டன் எதுக்கும்மா இருக்குது?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "அத எப்படீங்க சாருக்கு அமுக்கறது?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அப்போது சரியாகத் தெரியவில்லை. அவள் மேலும் வந்தது. நீங்கள் அவளைப் பாவம் என்று நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: அவள் செய்தது தப்பு. சந்தேகம் சரி, ஊசியை நிறுத்திவிட்டு நிஜக் காரணத்தை மறைத்தது தப்பு. சாப்பிடவில்லை என்றாலும் அந்த வகை இன்சுலினை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. குறைத்தாவது போட வேண்டும் என்று எந்தச் சர்க்கரை டாக்டரும் சொல்லியிருப்பார். ஆனால் கேட்டால்தானே சொல்வார். புண்ணோடு படுத்திருந்த அந்த அம்மாவுக்கு இதில் எதுவும் தெரியாது.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். நிர்வாகி சொன்னபடி கையெழுத்துப் போட்டால் நான் எழுதுவது உண்மையாக இருக்கும். சரண்யாவின் பிழைப்பு போய்விடும். சூப்பிரண்டென்ட் சொன்னபடி கோளாறு என்றால் சரண்யா பிழைப்பாள். நாளைக்கு இன்னொரு வார்டில் இன்னொருத்தி அதையே செய்வாள், அன்றைக்கு யாராவது செத்தே போகலாம். மூன்றாவதாக, எல்லா நர்ஸுகளும் இதைத்தான் செய்கிறார்கள் என்று விசாரணையில் பிரிண்ட் எடுத்துப் பரப்பலாம். நிர்வாகி எல்லோருக்கும் மெமோ கொடுப்பார். பெரிய டாக்டர் பத்துப் பேருக்கு முன்னால் தலை குனிவார். உண்மையைச் சொன்ன திருப்தி எனக்கு இருக்கும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

விசாரணைக்கு முன்னால் பெரிய டாக்டரைத் தனியாகப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஓ.பி. முடிந்து அறையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். "வாங்க அம்மணி, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் சொல்லட்டுங்களா?" உட்கார்ந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"மருந்துல தப்பு நடந்தா மன்னிச்சுப்போடலாமுங்க. மனுஷங்கதானே. பொய்ய மட்டும் பொறுத்துக்க முடியாதுங்க. இன்னைக்கு இன்சுலின் இல்லைங்கற பொண்ணு, நாளைக்கு இன்னொண்ணை இல்லைம்பா. நான் சொல்றது தப்புங்களா?"

தப்பில்லை. ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அந்த வெள்ளைத் தலையையும், எனக்காகத் தள்ளி வைத்த பேனாவையும், மோர் கொண்டுவரச் சொல்ல மணியை அடித்த விரலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் வாயில் ஒரு வாக்கியம் தானாக வந்து நின்றது: 'சிஸ்டத்துல சின்ன ப்ராப்ளமுங்க சார், நாங்க சரி பண்ணிடறோம்.' பல் வரைக்கும் வந்துவிட்டது. நான் பயந்துபோனேன். இவர் எனக்குச் சம்பளம் தருகிறவர் இல்லை, என்னைத் திட்டப்போவதும் இல்லை. வேலையை விட்டு நீக்கவும் முடியாது. அப்படியிருக்க என்னாலேயே முடியவில்லை. சரண்யாவுக்கு இருபத்து சொச்சம் வயசு.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?" என்றேன். உண்மையைச் சொல்வதற்கும் அந்த முன்னுரை வேண்டியிருந்தது.

"சொல்லுங்க, சொல்லுங்க."

"இந்த ஆஸ்பத்திரியில உங்களுக்கு மட்டும்தானுங்க சார் மருந்து தீருது."

அவருக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். சர்ஜனுக்குச் சிவப்புப் பொத்தான், இவருக்கு ஸ்டாக் இல்லை. யார் பெயரையும் சொல்லவில்லை, எத்தனை என்றும் சொல்லவில்லை. மோர் வந்தது. கொண்டுவந்தவருக்கு அவர் நன்றி சொல்ல மறந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எத்தனை நாளா இப்படிங்க?"

"சிஸ்டம் வெச்சதுல இருந்தே நடக்குதுன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுதுங்க. அதுக்கு முன்னாடியும் இருந்திருக்குமுங்க சார். அப்ப வாயிலயே சொல்லியிருப்பாங்க."

மோர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு சரண்யாவைக் கூப்பிட்டனுப்பினார். அவள் சூப்பிரண்டென்டோடு வந்து கதவோரம் நின்றாள்.

"ஏங் கண்ணு, எம்மேல பயமா?"

"இல்லீங்க சார்."

"அப்புறம் ஏங் கேக்கலை? ஒரு வார்த்தை கேட்டிருந்தா பாதி போடுன்னு சொல்லியிருப்பனே."

"கேட்டா உங்க மனசு சங்கடப்படுமேன்னுங்க சார்."

"இப்ப அந்தம்மா கால்தானே கண்ணு சங்கடப்படுது?"

குரல் உயரவில்லை. அவள் விசும்பி அழ ஆரம்பித்தாள். சூப்பிரண்டென்ட் தரையைப் பார்த்தார். டாக்டரின் முகம் எனக்குப் பார்க்க முடியாமல் இருந்தது. அவ்வளவு நல்ல மனிதரை அப்படி உட்கார வைத்ததில் எனக்கு வருத்தம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனாலும் அதே நிலைமை வந்தால் அதையேதான் செய்வேன்.

விசாரணையில் நான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பதிவு பொய்தான் என்று எழுதினேன். கீழே, சந்தேகத்தைக் கேட்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் வழி நர்ஸுகள் நடக்கக்கூடிய வழியாக இல்லை என்றும் எழுதினேன். இரண்டாவது வரி எங்கள் கம்பெனிக்கு நல்லதில்லை என்று முதலாளி சொன்னார், ஆனால் அதை அடித்துவிடச் சொல்லவில்லை. பெரிய டாக்டர், தான் கேட்ட நடவடிக்கையைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சரண்யாவுக்கு எச்சரிக்கை மெமோ கிடைத்தது. வேலையும் சான்றிதழும் தப்பின. அன்னூர் மகனிடம் டாக்டரே போனார். "ஸ்டாக் இல்லாம இல்லீங்க. எங்களுக்குள்ள கேட்டுக்காம உட்டுப்போட்டோம்," என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கிய பிறகு ஆபரேஷன் நடந்தது. கால் தப்பியது, ஒரு விரல் தப்பவில்லை. தள்ளிப்போனதால்தான் அப்படி ஆயிற்றா, எப்படியும் போயிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பிறகு திரையை மாற்றினோம். தரக் கமிட்டி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. 'ஸ்டாக் இல்லை' என்பதை, ஸ்டாக் இருக்கும்போது அமுக்கவே முடியாதபடி பூட்டிவிடுங்கள் என்றார்கள். எங்கள் பையன்களுக்கும் அது பிடித்திருந்தது. ஒரு நாள் வேலை. பூட்டினால் அவர்கள் அடுத்து 'நோயாளி மறுத்துவிட்டார்' என்று அமுக்குவார்கள், அதற்கு நோயாளியைத்தான் பூட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். இருக்கிற சந்தேகம் எங்காவது வெளியே வரத்தான் செய்யும். அது போக ஒரு வாசல் வைக்காவிட்டால் கூரையைப் பிரித்துக்கொண்டு போகும்.

ஆட்சேபத்தை எடுத்தோம். சிவப்பை எடுத்தோம். தலைமை மருத்துவருக்குப் போகிற நகலை எடுத்தோம். அதற்குத்தான் பெரிய சண்டை நடந்தது. அந்த இடத்தில், 'டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தருகிறேன்' என்று ஒரு பொத்தான். காரணம் எழுத வேண்டியதில்லை. அமுக்கினால் டாக்டரின் போனில் மணி அடிக்கும், வார்டைக் கூப்பிட வேண்டியது அவர் பொறுப்பு. நர்ஸ் மறுப்பதாக எங்கேயும் பதிவாகாது; கேட்டதாகத்தான் பதிவாகும். அதன் சொற்களை எழுதிக் கொடுத்தவர் சூப்பிரண்டென்ட். நம் ஊரில் கேட்டுக்கொண்டு செய்வது மரியாதைக் குறைவு இல்லை என்றார்.

நீங்கள் திரை வரையும்போது, யார் யாருக்கு எதைத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வீர்கள். அதோடு, யார் யாருக்கு எதைச் சொல்லவே மாட்டார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அதை மீட்டிங்கில் கேட்காதீர்கள். மருந்துக் கடையில், கேன்டீனில், பஸ் ஸ்டாப்பில் கேளுங்கள். ஒரு டாக்டருக்கு ஆட்சேபமே வருவதில்லை என்று ரிப்போர்ட் காட்டினால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்.

புதுப் பொத்தான் வைத்துச் சில வாரம் ஆனபின் பெரிய டாக்டர் போன் செய்தார். வழக்கம் போல என் உடம்பை விசாரித்தார், வீட்டில் எல்லோரையும் விசாரித்தார். பிறகு கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, மத்த டாக்டருங்களுக்கும் இப்படித்தான் மணி அடிக்குதுங்களா?"

"எல்லாருக்கும் அடிக்குதுங்க சார். பாதிக்கு மேல நர்ஸுங்க சந்தேகம் வேண்டாத சந்தேகமாத்தான் இருக்குமுங்க."

"ஆமாங்க, எனக்கும் பாதி அப்படித்தான். அந்தச் சரண்யா நேத்துக் கேட்டதுகூட நான் எழுதுனதுதான் சரி." கொஞ்சம் நிறுத்தினார். "மீதிப் பாதி இருக்குதுங்களே. இத்தனை வருஷமா என்னைய ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்லை. நான் நல்லா எழுதறேன்னு நெனச்சுட்டு இருந்துபோட்டேனுங்க."

அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"சரி, அது கெடக்கட்டும். நான் கூப்பிட்டது அதுக்கில்லீங்க. அந்த மணிச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் பெருசா வெச்சுக் குடுங்க. ஓ.பி.யில கூட்டமா இருக்குது, காதுல உழுகறதில்லை."

அன்று சாயங்காலமே வைத்துக் கொடுத்தோம்.